தங்க நானோ துகளில் முறுக்கு தெரிகிறது, ஆனால் கரைசலில் சிடி சிக்னல் இல்லை – உதவி தேவை

விதைத்துகள்: வணக்கம். கனசதுர விதையில் (வளர்ச்சி தொடங்கும் சிறு தங்கத் துகள்) எல்-சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் சேர்த்து கைரல் தங்கத் துகள், அதாவது தன் கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தாத முறுக்குத் துகள், வளர்க்கிறேன். 2018-ல் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் நாம் கி டே குழு நேச்சர் இதழில் வெளியிட்ட முறைதான். எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் சில துகள்களின் முகத்தில் காற்றாடி போல வளைந்த கைகள் தெரிகின்றன. ஆனால் கரைசலில் சிடி (இடச்சுழல், வலச்சுழல் ஒளிகளைத் துகள் உறிஞ்சுவதில் உள்ள வேறுபாடு) கிட்டத்தட்ட பூஜ்யம். அதையே கண்ணாடித் தகட்டில் உலர்த்தி அளந்தால் 600 நானோமீட்டர் பக்கம் பெரிய சிக்னல். எதை நம்புவது?

ஒளிச்சுழல்: கரைசலை நம்புங்கள். உலர்ந்த படலத்தில் துகள்கள் ஒரு திசையாகப் படிந்துவிடும். நேரியல் இருநிறமை (துகள் படிந்த திசையைப் பொறுத்து ஒளி உறிஞ்சல் மாறுவது) சிடி அளவீட்டுக்குள் கசிந்து பொய் சிக்னல் தரும். தகட்டை 90 டிகிரி சுழற்றி அளங்கள், பிறகு கவிழ்த்தும் அளங்கள். உண்மையான சிடி இதற்கெல்லாம் மாறாது. கூடவே எல்-லின் கண்ணாடிப் பிம்பமான டி-சிஸ்டீனில் ஒரு பேட்ச் போடுங்கள். எல்-லுக்கு எதிர்க்குறியில் அதே வரைகோடு வர வேண்டும். இந்தச் சோதனை இல்லாத கைரல் தரவை நான் ஏற்கவே மாட்டேன்.

விதைத்துகள்: சுழற்றியதும் குறி தலைகீழாகிவிட்டது! டி பேட்சும் கரைசலில் தட்டையாகத்தான் இருக்கிறது.

படிகமுனை: அப்படியானால் கோளாறு வளர்ச்சியில் இருக்கிறது. தங்கத்தின் படிகக்கூடு கைரல் கிடையாது. (321) என்று எண்ணால் குறிக்கும் சாய்ந்த படிக முகம் போன்றவற்றில் அணுப்படிகள் முறியும் மூலைகள்தான் இடக்கை, வலக்கை என்று பிரிகின்றன. எல்-சிஸ்டீன் அதில் ஒரு கையோடு அதிகம் ஒட்டுவதால் இரண்டு கைகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. முறுக்கு அங்கேதான் பிறக்கிறது. சிஸ்டீன் குறைந்தால் இரு கையும் சமமாக வளரும், கூடினால் தேர்வே இல்லாமல் எல்லா இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். வேலை செய்யும் வரம்பு மிகக் குறுகல், வளர்ச்சிக் கரைசலில் 0.1 மைக்ரோமோலார் அளவுதான். இவ்வளவு நீர்த்த நிலையில் சிஸ்டீன் கரைசலைப் பழசாக விடவே கூடாது. காற்றுப்பட்டால் இரண்டிரண்டாக இணைந்து சிஸ்டினாகிவிடும், தங்கத்தைப் பிடிக்கும் தயால் (கந்தக-ஹைட்ரஜன் தொகுதி) காணாமல் போகும். அன்றன்றைக்குக் கரையுங்கள். துகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சோப்பு போன்ற சிடிஏபி-யில் அயோடைடு மாசு இருந்தாலும் வடிவம் மாறும். ஒரே பாட்டிலில் எல்லா பேட்சையும் முடியுங்கள்.

ஒளிச்சுழல்: சிடி கருவி காட்டும் மில்லிடிகிரியை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம், துகள் செறிவு கூடினாலே அது கூடும். 32,980-ஆல் வகுத்து, அதே அலைநீளத்தின் உறிஞ்சலால் மறுபடி வகுத்தால் ஜி-காரணி, செறிவைச் சாராத கைரல் அளவு. அதன் உச்ச வரம்பு 2. நாம் கி டே குழு எண்முக விதையில் குளூட்டாதயோன் (சிஸ்டீன் உள்ள சிறு பெப்டைடு) போட்டு 0.2 எட்டியது; தனித்தனியாகக் கரைசலில் மிதக்கும் துகளுக்கு அது அசாதாரணமான எண்.

விதைத்துகள்: புதுக் கரைசலில் செறிவை மாற்றி மாற்றிப் போட்டதில் எல்-லும் டி-யும் எதிரெதிர்க் குறியில் வந்துவிட்டன, கரைசலிலேயே! ஜி இன்னும் 0.02-ஐத் தாண்டவில்லை. உருவம் கலந்த விதைகள்தான் இழுக்கிறதா?

படிகமுனை: பெரும்பாலும் அதுதான். முறுக்கே இல்லாத துகள் உறிஞ்சலை மட்டும் கூட்டி ஜி-யைக் கீழே இறக்கும். விதையை எஸ்.இ.எம்.மில் பார்த்து, கனசதுரம் அல்லாதவை கண்ணில் படும் பேட்சை வளர்ச்சிக்கே எடுக்காதீர்கள்.