ஃபிரெட் என்பதற்குத் தமிழில் ஒரு சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

வளர்ந்த பிறகு கிட்டார் தொடங்குகிறவர்களுக்காக நாம் எழுதும் கையேட்டில், கிட்டார் கழுத்தில் குறுக்கே வரும் ஃபிரெட் என்பதற்கு என்ன சொல் போடுவது என்ற கேள்விக்கு இதுவரை கட்டை, திவவு, படி, மெட்டு என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. எது அழகு, எது தொன்மை என்று பேசும் முன், அந்தச் சொல் எந்த வாக்கியத்தில் போய் உட்காரப்போகிறது என்று பார்த்துவிடலாம். கையேட்டில் அது பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "ஐந்தாம் கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்துங்கள்."

இந்த வாக்கியத்தை நம்பி ஒருவர் உட்கார்ந்தால் என்ன செய்வார்? கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் மூன்றாவது உலோகப் பட்டையைத் தேடி, அதன் தலைமேல் விரலை வைப்பார். ஒலி மழுங்கி வரும். ஏனென்றால் அங்கே விரல் வைக்கக் கூடாது. இரண்டாவது பட்டைக்கும் மூன்றாவது பட்டைக்கும் நடுவில் இருக்கிற மர இடத்தில், மூன்றாவது பட்டையை ஒட்டி வைக்க வேண்டும். அப்போதுதான் கம்பி பட்டைமேல் சரியாகப் படிந்து தெளிவாகப் பேசும். பின்னால் தள்ளி வைத்தால் இன்னும் பலமாக அழுத்த வேண்டியிருக்கும். பலம் போதாவிட்டால் கம்பி பட்டைமேல் அதிர்ந்து கரகரக்கும். விரல் நுனி புண்ணாகி முதல் மாதத்திலேயே கிட்டாரை உறையில் போட்டுவிடுகிறவர்களில் பலருக்கு விரல் வைத்த இடம்தான் பிரச்சினையாக இருக்கும். பலவீனம் என்று தங்களைத் தாங்களே நொந்துகொள்வார்கள்.

அதாவது ஆங்கிலத்தில் பட்டைக்கும் அதே பெயர், இடத்துக்கும் அதே பெயர். குழந்தைக்கு இது ஒரு சிக்கலே இல்லை, ஆசிரியரின் கையைப் பார்த்து அப்படியே வைத்துவிடும். பெரியவர்கள் முதலில் படிப்பார்கள், பிறகுதான் தொடுவார்கள். அவர்களுக்குச் சொல்தான் ஆசிரியர். எனவே என் கருத்து: நாம் தேடவேண்டியது இரண்டு சொற்கள். ஆங்கிலத்தில் இருக்கிற குழப்பத்தையும் சேர்த்துத் தமிழாக்க வேண்டிய கட்டாயம் நமக்கில்லை.

'பழகினால் புரிந்துவிடும், ஒரு சொல்லே போதும்' என்பவர்களுக்கு ஹார்மோனிக் என்கிற மணியொலியைக் காட்டுவேன். பன்னிரண்டாவது பட்டைக்கு நேர்மேலே கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு, மீட்டியவுடன் விரலை எடுத்தால் மேல் ஸ்தாயியில் மணி போல ஒலிக்கும். ஐந்தாம் கம்பி வெறுமனே 110 ஹெர்ட்ஸ் என்றால் இது 220. இங்கே விரல் பட்டைக்கு நேர்மேலேதான் இருக்க வேண்டும். நடுவிலுள்ள இடத்தில் தொட்டால் ஒலி செத்துவிடும். ஆக, சாதாரணமாக வாசிக்க 'பன்னிரண்டாவது ஃபிரெட்' என்றால் ஓர் இடம், மணியொலிக்கு 'பன்னிரண்டாவது ஃபிரெட்' என்றால் வேறோர் இடம். ஒரே பக்கத்தில் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதிப் பாருங்கள்.

இனி, வந்த பரிந்துரைகள்.

> கட்டை என்றே வைத்துவிடலாம். ஹார்மோனியத்தில் எல்லாருக்கும் பழகிய சொல்.

பழகிய சொல் என்பதுதான் ஆபத்து. பாடுகிறவர்கள் 'எனக்கு ஐந்தரைக் கட்டை' என்று சுருதியைச் சொல்வார்கள். மேற்கத்திய சுரப் பெயர்களில் ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, மூன்று ஈ, ஐந்து ஜி. இப்போது கேப்போவை எடுத்துக்கொள்வோம். கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் கவ்வி அது. இரண்டாவது ஃபிரெட்டில் மாட்டி, விரல்களால் சி வடிவத்தைப் பிடித்தால் டி ஒலிக்கும், அதாவது இரண்டு கட்டை. அடடா, பொருந்துகிறதே என்று தோன்றும். நான்காவதில் மாட்டினால் ஈ, அதாவது மூன்று கட்டை. ஏழாவதில் ஜி, ஐந்து கட்டை. 'நான்காம் கட்டையில் மாட்டினால் மூன்று கட்டை வரும்' என்று எழுதினால் கையேட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். சுருதிக்கு இருக்கும் சொல்லைத் தொடாமல் விடுவோம்.

> திவவு நல்ல சங்கச் சொல். ஏன் மறந்துவிட்டோம்?

மறக்கவில்லை ஐயா. யாழின் கோட்டில், அதாவது அதன் வளைந்த தண்டில், நரம்புகளை இழுத்துக் கட்டும் வார்க்கட்டுக்குத்தான் திவவு என்று பெயர். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். கழுத்தில் விரலால் அழுத்திச் சுரத்தை மாற்றுகிற வேலையே அங்கு இல்லை. இல்லாத உறுப்புக்கு அங்கே பெயர் தேடுவது வீண். கம்பியை இழுத்துச் சுருதி சேர்க்கும் பகுதிக்குச் சொல் தேடும்போது யாழ் பக்கம் போகலாம், மாடகம் அங்கே காத்திருக்கிறது.

> படி?

சி-யிலிருந்து டி-க்குப் போவது சுர வரிசையில் ஒரு படி; கிட்டாரில் இரண்டு ஃபிரெட். ஈ-யிலிருந்து எஃப்-க்கும், பி-யிலிருந்து சி-க்கும் மட்டும் ஒன்று. படியைச் சுர வரிசைக்கே விட்டுவிடலாம்.

> மெட்டு என்றால் பாட்டின் மெட்டு என்றுதானே நினைப்பார்கள்?

வீணையில் இருக்கிற 24 பட்டைகளையும் வாசிக்கிறவர்கள் மெட்டு என்றுதான் சொல்கிறார்கள். அதே ஆட்கள் பாட்டுக்கும் மெட்டு என்கிறார்கள். 'மூன்றாம் மெட்டு' என்று எண் முன்னால் வந்தால் அது பட்டை, 'நல்ல மெட்டு' என்றால் பாட்டு. யாரும் குழம்பியதாகத் தெரியவில்லை. உயிரோடு இருக்கிற சொல், அதுவும் பக்கத்து வாத்தியத்தில் அதே வேலையைச் செய்கிற உறுப்பின் பெயர், நம் கையில் இருக்கும்போது புதிதாக எதற்கு ஒன்று? பட்டைக்கு மெட்டு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இடத்துக்கு நான் முன்வைப்பது கட்டம். விரல் வைக்கும் இடங்களைக் காட்டப் போடுகிற படத்தைப் பாருங்கள்: நிற்கும் கோடுகள் கம்பிகள், படுத்த கோடுகள் மெட்டுகள், நடுவில் கட்டங்கள். விரலைக் குறிக்கும் புள்ளி எப்போதும் கட்டத்துக்குள்தான் இருக்கும், கோட்டின்மேல் இருக்காது. கண்ணுக்குத் தெரிவதை அப்படியே சொல்கிற பெயர். எண்ணிக்கையும் சிக்கலில்லை: கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் நட்டுக்கும் முதல் மெட்டுக்கும் நடுவே முதல் கட்டம். மூன்றாம் கட்டம் மூன்றாம் மெட்டில் முடியும். விதி ஒரே வரிதான்: கட்டத்துக்குள் வை, அதன் மெட்டை ஒட்டி வை.

கட்டங்கள் ஒரே அகலம் இல்லை என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். அதிரும் கம்பியின் நீளம் 650 மில்லிமீட்டர் உள்ள கிட்டாரில் முதல் கட்டம் சுமார் 36.5 மில்லிமீட்டர், பன்னிரண்டாவது சுமார் 19.3தான். ஒவ்வொரு மெட்டும் மீதமிருக்கும் நீளத்தை 17.817-ஆல் வகுத்த இடத்தில் வருகிறது, அப்படியே போனால் பன்னிரண்டாம் மெட்டு சரியாகப் பாதியில் விழும். கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி 16ஆம் நூற்றாண்டிலேயே லூட் என்ற பழைய நரம்பு வாத்தியத்துக்கு 18-க்கு 17, அதாவது 17.817-க்குப் பதில் 18-ஆல் வகுக்கும் எளிய கணக்கைச் சொல்லியிருக்கிறார், அது இதற்கு வெகு அருகில் வரும். கற்றுக்கொள்கிறவருக்குக் கணக்கு தேவையில்லை. ஆனால் முதல் பாடங்கள் எல்லாம் அகலமான கட்டங்களில்தான் நடக்கின்றன, விரல் எட்டவில்லை என்றால் அது கையின் குறை இல்லை என்று தெரிந்தால் ஆறுதல்.

அன்புடன்.

———

மறுமொழி:

ஐயா, வணக்கம்.

நான் வீணைக்காரி. மெட்டுக்கு என் ஓட்டு உண்டு. ஒரு வேறுபாட்டை மட்டும் கையேட்டில் குறித்துவிடுங்கள்: வீணையில் மெட்டு மெழுகில் உட்கார்ந்திருக்கும், சுரம் விலகினால் மெழுகை இளக்கிச் சரிசெய்யலாம். கிட்டாரில் மரத்தை அறுத்து அதற்குள் இறக்கியிருப்பார்கள், அசையாது. மிகவும் தேய்ந்தால் கழற்றிப் புதிது போடுவதுதான் வழி. வீணை தெரிந்தவர்கள் கிட்டாருக்கு வரும்போது கம்பியைப் பக்கவாட்டில் தாராளமாக இழுக்கப் பார்ப்பார்கள். கிட்டாரில் மெட்டு குட்டை, அந்த அளவுக்கு இடம் தராது.

கட்டம் என்பதில்தான் கொஞ்சம் நெருடல். கட்டையும் கட்டமும் காதில் ஒன்றுபோல விழுமே? அறை என்று வைக்கலாமா என்று யோசித்தேன். அப்புறம் கிட்டாரின் வயிற்றுப் பகுதிக்கு ஒலியறை என்று நாமே சென்ற மாதம் முடிவு செய்தது ஞாபகம் வந்தது. சரி, வேற்றுமை உருபு சேர்ந்தால் கட்டையில், கட்டத்தில் என்று பிரிந்துவிடுகிறது. கட்டமே இருக்கட்டும்.

நீங்கள் இரண்டாகப் பிரித்ததைப் பார்த்ததும் இன்னொன்று தோன்றியது. கேப்போ பற்றி எழுதும்போது 'சி வடிவத்தைப் பிடித்தால் டி ஒலிக்கும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேயும் ஆங்கிலத்தில் விரல் வடிவத்துக்கும் ஒன்றாக ஒலிக்கும் சுரங்களுக்கும் சேர்த்துக் கார்டு என்றுதானே சொல்கிறார்கள்? தமிழில் கார்டு என்று எழுதினாலே பணம் எடுக்கிற அட்டை ஞாபகம் வருகிறது, அது வேறு கதை. விரல் வடிவத்துக்குப் பிடி என்று வையுங்கள். 'கார்டு பிடிக்கிறான்' என்றுதானே பேச்சிலேயே சொல்கிறோம். ஒலிக்கு சுரக்கூட்டு. இரண்டாம் கட்டத்தில் கேப்போ, கையில் சி பிடி, காதில் டி சுரக்கூட்டு. எனக்கே இப்போதுதான் புரிகிறது!

சுரக்கூட்டுக்குப் பதில் கிளை என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். சிலப்பதிகாரத்தில் வரும் இணை, கிளை, பகை, நட்பு என்ற நான்கு சுர உறவுகளில் கிளை என்பது ஐந்தாம் சுரத்தோடு உள்ள உறவு. ராக் இசையில் மூன்றாம் சுரத்தை விட்டுவிட்டு ஆதார சுரத்தையும் ஐந்தாம் சுரத்தையும் மட்டும் அடிக்கிறார்களே, அதற்கு வேண்டுமானால் கிளைக்கூட்டு பொருத்தமாக இருக்கும். மேஜர், மைனர் என்ற சுரக்கூட்டு வகைகள் எல்லாவற்றுக்கும் கிளை என்றால் தப்பு, ஏனென்றால் அவற்றின் குணத்தைத் தீர்மானிப்பதே மூன்றாம் சுரம். அந்தப் பழைய வகுப்பில் மூன்றாவது பகையில் சேர்ந்திருக்கிறது என்பது வேடிக்கை. சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திப் பார்த்த இசைக்கும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற இசைக்கும் நட்பும் பகையும் வேறு வேறு போலும்.

———

மறுமொழி:

ஐயா, அம்மா, இருவருக்கும் நன்றி.

சொற்களை மாற்றி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்:

"ஆறாம் கம்பி, எல்லாவற்றிலும் தடித்தது, ஈ சுரத்தில் இருக்கிறது. அதை ஐந்தாம் கட்டத்தில் அழுத்தினால் வரும் ஒலியும், ஐந்தாம் கம்பியை வெறுமனே மீட்டினால் வரும் ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும். இப்படியே ஒவ்வொரு கம்பியையும் அடுத்த கம்பியோடு ஒப்பிட்டுச் சுருதி சேர்க்கலாம். மூன்றாம் கம்பியிலிருந்து இரண்டாம் கம்பிக்குப் போகும்போது மட்டும் நான்காம் கட்டம். சுருதி சேர்ந்ததும் ஈ மேஜர் பிடியைப் பிடியுங்கள். மூன்றாம் கம்பியின் முதல் கட்டத்தில் இருக்கும் விரலை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி மீட்டுங்கள். ஒரே ஒரு கட்டம் இறங்கியதில் சுரக்கூட்டு ஈ மைனராகி, முகம் வாடிவிடும்."

கையேட்டின் வாத்தியம் வாங்கும் பகுதியில் இன்னொரு சொல் நிற்கிறது. கம்பி மெட்டுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்பதை ஆக்ஷன் என்கிறார்கள். கம்பியுயரம் என்று நேராகவே எழுதிவிட்டேன். "பன்னிரண்டாம் மெட்டின் தலையிலிருந்து ஆறாம் கம்பியின் அடிவரை அளந்து பாருங்கள், ஸ்டீல் கம்பி கிட்டாரில் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் என்றால் பழக ஏற்றது, நான்கு என்றால் சரிசெய்துதரச் சொல்லுங்கள்." இந்த இடத்தில் மெட்டு, கட்டம் என்று பிரித்தது நன்றாக உதவியது. எங்கே அளக்க வேண்டும் என்று தனியாக விளக்கவே இல்லை.

மிச்சம் இருப்பது 'பாரே' என்ற பிடி. எஃப் மேஜரில் ஆள்காட்டி விரலை முதல் கட்டம் முழுக்கப் படுக்கப்போட்டு ஆறு கம்பிகளையும் அழுத்துவது. கேப்போ செய்கிற வேலையைத்தான் அந்த விரல் செய்கிறது. நட்டுக்குப் பக்கத்தில் கம்பி விறைப்பாக இருப்பதால் முதல் கட்டத்தில் அது மிகக் கடினம். ஐந்தாம் கட்டத்தில் ஏ மேஜராகப் பழகிவிட்டு ஒவ்வொரு கட்டமாக இறங்கி வரச் சொல்லப்போகிறேன். கிடைப்பிடி, படுவிரல் பிடி, முழுப்பிடி என்று மூன்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்குக் கிடைப்பிடி பிடித்திருக்கிறது, ஆனால் 'கிடைப்பது' என்ற பொருளில் படித்துவிடுவார்களோ என்று சந்தேகம். அம்மா, வீணையில் ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்துவதற்கு ஏதாவது பெயர் உண்டா?