‘பனியிடைக்காலம்’ வேண்டாம், ‘இடைவெம்மைக்காலம்’ என்போம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நம் கட்டுரையில் வரும் ‘இன்டர்கிளேசியல்’ (இரண்டு பனியூழிகளுக்கு இடைப்பட்ட வெப்பமான காலம்) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் ‘பனியிடைக்காலம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று ஐயா சென்ற மடலில் எழுதியிருந்தார்கள். சொல் சுருக்கமானதுதான், ஆனால் பொருளைத் தலைகீழாக்கிவிடுகிறது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்து, அச்சொல் வரும் பத்தியைத் தங்கை மகளிடம் படிக்கக் கொடுத்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை, “அப்பம் பனி ரொம்பக் கூடுதலா இருந்துதா மாமா?” என்று கேட்டாள். ‘நீரிடை’ என்றால் நீரின் நடுவே என்று கொள்ளும் மரபில் வந்தவள் ‘பனியிடை’யை வேறெப்படிக் கொள்வாள்?

நாம் குறிக்க விரும்புவதோ இரண்டு பனியூழிகளுக்கு, அதாவது பெரும்பனி நிலத்தை மூடிக் கிடந்த நெடுங்காலங்களுக்கு, நடுவே வந்த வெப்பமான காலத்தை. ஏறத்தாழ 1,29,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 1,16,000 ஆண்டுகளுக்கு முன் முடிந்த அத்தகைய காலத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 5 முதல் 10 மீட்டர் வரை உயர்ந்திருந்தது என்பதை, பஹாமாஸ், மேற்கு ஆஸ்திரேலியா போன்ற கரைகளில் இன்றைய அலைக்கு மேலே நிற்கும் பழம் பவளப்பாறைகள் காட்டுகின்றன.

‘பனியற்ற காலம்’ என்ற மாற்றுச் சொல்லையும் ஏற்க இயலவில்லை. கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் கடல் ஏறத்தாழ 7 மீட்டரும், அண்டார்க்டிகாப் பனி முழுவதும் உருகினால் ஏறத்தாழ 58 மீட்டரும் உயரும். அன்று உருகியது அவற்றின் ஒரு பகுதியே.

ஆகவே ‘இடைவெம்மைக்காலம்’ என்று முன்மொழிகிறேன். இடைத்தேர்தல், இடைவேளை என்று நாளும் வழங்கும் நமக்கு இந்த ‘இடை’ புதிதன்று. 11,700 ஆண்டுகளாக நாம் வாழ்ந்துவரும் காலத்துக்கும் இச்சொல் அப்படியே பொருந்துகிறது.

‘ஐஸ் ஷீட்’ என்பதற்குப் ‘பனிப்படலம்’ என்பதையும் மாற்ற வேண்டும். படலம் என்றால் கண்ணில் படர்வது போன்ற மெல்லிய தோல். நம் பக்கத்தில் பனி என்றாலோ மார்கழி விடியலில் வைக்கோற்படப்பை நனைப்பது. இரண்டையும் சேர்த்தால், 3 கிலோமீட்டருக்கும் மேல் தடித்துத் தரையை அழுத்திக் கிடக்கும் கட்டி எவர் மனத்திலும் எழாது. ‘உறைபனிப் பாளம்’ எனலாம். பாளம் என்றால் வெடித்த குளத்து மண் நினைவுக்கு வரும் என்று ஒரு நண்பர் தயங்கினார்; தங்கப்பாளம் வெடித்ததன்றே.

நம் கட்டுரையில் கடல்மட்ட மாற்றத்துக்குப் பழைய துறைமுகமான கொற்கையை எடுத்துக்காட்டாகச் சேர்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அவ்வூரை விட்டுக் கடல் விலகியதில் தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டலுக்குப் பெரும்பங்கு உண்டு. அது சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் நடந்த வேறொரு மாற்றம்.