பப்பாளி: காயா, செங்காயா, பழமா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

பப்பாளியைப் பற்றி நல்லதும் கெட்டதுமாக ஏகப்பட்ட பேச்சு இருக்கிறது. பாதிக் குழப்பத்துக்குக் காரணம், பேச்சு காயைப் பற்றியா பழத்தைப் பற்றியா என்று யாரும் சொல்லாமல் விடுவதுதான். காயைக் கீறினால் வெள்ளையாகப் பால் வடியும். புரதத்தை உடைக்கும் பப்பைன் என்ற நொதி அந்தப் பாலில்தான் நிறைய இருக்கிறது. பழுக்கப் பழுக்கப் பால் வற்றிவிடும். அதனால் எந்தப் பருவம், எவ்வளவு, எவ்வளவு நேரம் என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.

*

இறைச்சியை மெதுவாக்குவதற்குப் பச்சைக் காய்தான் வேண்டும். தோலில் பால் அதிகம் என்பதால் கழுவித் தோலோடு அரைக்கலாம். ஒரு கிலோ ஆட்டிறைச்சிக்கு இரண்டு மேசைக்கரண்டி விழுது போதும். பிசறி ஃப்ரிட்ஜில் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் வைக்கலாம். கோழிக்கு அதில் பாதி, அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மீனுக்கும் இறாலுக்கும் அறவே தேவையில்லை.

தவறு நடப்பது பெரும்பாலும் நேரத்தில். ராத்திரி முழுக்க ஊறப் போட்டால் மேல்பரப்பு கூழாகிவிடும், உள்ளே அப்படியே இருக்கும். விழுது தானாக ஆழத்துக்குப் போகாது. பெரிய துண்டு என்றால் முள்கரண்டியால் குத்திவிட்டுத் தடவ வேண்டும். இன்னொன்று: பப்பைன் சுறுசுறுப்பாக வேலை செய்வது 60 முதல் 70 டிகிரி செல்சியஸில். அதாவது அடுப்பில் சூடேறும்போதுதான் அதன் முழு வேகம் தெரியும். ஊறும்போது ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று கூடுதலாகப் போட்டால், வெந்ததும் எலும்பை விட்டு நார்நாராக உதிரும். மிஞ்சிய விழுதை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துக்கொள்ளலாம்.

காயை வெறுங்கையால் நறுக்க வேண்டாம், பால் பட்டால் தோல் எரியும். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். காயையே கறியாகச் சமைப்பதானால், அதில் நீளவாக்கில் நாலைந்து கீறல் போட்டுப் பால் வடியவிட்டு, கழுவிய பிறகு தோல் சீவுங்கள்.

*

பழத்தில் நொதி சுத்தமாக இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். பழத்தைப் பசும்பாலோடு அடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கசக்கிறதே, அது இதனால்தான். பால் புரதம் உடையும்போது கசப்பான துணுக்குகள் உண்டாகின்றன. அடித்த உடனே குடித்துவிட வேண்டும்; இல்லையென்றால் பழக்கூழைக் கொதிக்கவிட்டு ஆற்றிச் சேர்க்க வேண்டும். ஜெலட்டின் புரதம் என்பதால் பச்சையாகப் போட்ட பப்பாளியோடு உறையாது. அகர் அகர் கடற்பாசியிலிருந்து வரும் மாவுப்பொருள், அது உறையும்.

*

சத்துக் கணக்கு: 100 கிராம் பழத்தில் சுமார் 43 கலோரி, 8 கிராம் சர்க்கரை, 1.7 கிராம் நார்ச்சத்து, 60 மில்லிகிராம் வைட்டமின் சி, 180 மில்லிகிராம் பொட்டாசியம். 150 கிராம் சாப்பிட்டால் பெரியவர் ஒருவரின் ஒருநாள் வைட்டமின் சி தேவை அநேகமாக முடிந்துவிடும். சிவந்த சதை உள்ள வகைகளில் லைக்கோபீன் என்ற சிவப்பு நிறமியும் உண்டு. லைக்கோபீனும் மற்ற கரோட்டின் வகை நிறமிகளும் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும், ஆகையால் சாப்பாட்டோடு சாப்பிடுவது நல்லது. மலச்சிக்கலுக்கு இதைச் சொல்கிறோம், ஆனால் நார்ச்சத்து மட்டும் என்றால் கொய்யாவில் மூன்று மடங்கு இருக்கிறது. பப்பாளியின் சௌகரியம், பல் இல்லாதவர்கூட 200 கிராம் சுலபமாகச் சாப்பிடலாம் என்பது.

சர்க்கரை நோயாளிகள் சாறாக்காமல் துண்டாக, 100 கிராம் அளவில் சாப்பிடலாம். சிறுநீரகக் கோளாறுக்காகப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். தினமும் அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் உள்ளங்கை மஞ்சளாகும். கண்ணின் வெள்ளை மஞ்சளாகாமல் கை மட்டும் ஆனால் பெரும்பாலும் கரோட்டின்தான். கண்ணும் மஞ்சளானால் அது வேறு, உடனே பார்க்க வேண்டும்.

*

வாங்கும்போது: முழுப் பச்சையாகப் பறித்ததை எத்தனை நாள் வைத்தாலும் இனிக்காது. சர்க்கரையாக மாறுவதற்கு வாழைக்காயைப் போல இதில் மாவுச்சத்து சேமிப்பு கிடையாது. சதை மெத்தென்று ஆகும், அவ்வளவுதான். ஒரு மஞ்சள் கீற்றாவது விழுந்திருக்க வேண்டும். அதைத் தாளில் சுற்றி வெளியிலேயே வையுங்கள். பழுக்குமுன் ஃப்ரிட்ஜில் வைத்தால் குளிரில் அடிபட்டுத் தோலில் குழி விழும், பிறகு ஒழுங்காகப் பழுக்காது. வெட்டுவதற்கு முன் தோலைக் கழுவுவது முக்கியம், கத்தி தோலில் உள்ள கிருமியைச் சதைக்குள் கொண்டுபோகும். 2017-இல் அமெரிக்காவில் பப்பாளி வழியாகவே சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி பரவியது.

*

கர்ப்பிணிகள் விஷயத்தில் பருவம்தான் எல்லாமே. 2002-இல் வந்த ஓர் ஆய்வில், பழுத்த பழச்சாறு கொடுத்த கருவுற்ற எலிகளுக்குப் பாதிப்பு தெரியவில்லை. ஆனால் பப்பாளிப் பால், பிரித்தெடுத்த எலிக் கருப்பையைச் சுருங்க வைத்தது. அதனால் காயும் செங்காயும் வேண்டாம். செங்காய்தான் ஏமாற்றும்: வெளியே பாதி மஞ்சளாக இருந்தாலும் கீறினால் பால் வரும்.

ரப்பர் கையுறை, பலூன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பப்பாளியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வாய் அரிப்பு, உதடு வீக்கம் வந்தால் நிறுத்திவிடுங்கள், மூச்சு திணறினால் மருத்துவமனைதான். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் பப்பைன் மாத்திரைகளைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது.

புண்ணில் பப்பாளிப் பால் தடவாதீர்கள். மருந்தாகத் தயாரித்த பப்பைன் களிம்புகளையே, கடும் ஒவ்வாமை வந்ததால் 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விற்பனையிலிருந்து விலக்கச் சொன்னது. முகத்துக்குப் பழக்கூழ் மட்டும், பத்து நிமிடம். முதல் நாள் முன்கையில் தடவிப் பார்த்துவிட்டு.

*

டெங்குவுக்கு இலைச்சாறு பற்றி: ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை கூடியதாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு. ஆனால் டெங்குவில் உயிருக்கு ஆபத்து, ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிவதால் வருவது. சாறு அதைத் தடுக்கும் என்று நிரூபணமாகவில்லை. காய்ச்சல் இறங்கும் நாளில் வயிற்றுவலி, விடாத வாந்தி, சோர்வு இருந்தால் சாறு பிழிந்துகொண்டு நிற்காமல் ஆளை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

*

விதையைப் பற்றி யாரும் எழுதவில்லை. காரம், மிளகு மாதிரியே இருக்கும். ஒரு நாளைக்குக் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். விலங்கு ஆய்வுகளில் விந்தணுவைக் குறைத்திருப்பதால், குழந்தைக்கு முயலும் ஆண்கள் தவிர்ப்பது நல்லது. காய்ந்த விதையை மிளகில் கலப்படமும் செய்கிறார்கள். தண்ணீரில் போட்டால் முற்றிய மிளகு அடியில் தங்கும், பப்பாளி விதை மிதக்கும். பொக்கு மிளகும் மிதக்கும் என்பதால் மிதந்ததை எடுத்து உருவம் பாருங்கள்: மிளகு உருண்டை, பப்பாளி விதை நீள்வட்டம்.