13 வயசுப் பொண்ணுக்கு பேடா, துணியா, கப்பா? பள்ளி நேரம், நீச்சல் ரெண்டையும் வச்சு சொல்லுங்க

தாழம்பூ (கேள்வி)
அண்ணன் மகள் எட்டாவது படிக்கிறா. வயசுக்கு வந்து ஏழு மாசம். காலை 8 மணிக்குக் கிளம்பினா வீடு திரும்ப 5 ஆயிடும். முதல் ரெண்டு நாள் யூனிஃபார்மில் பின்பக்கம் கறை படுது. தொடை இடுக்கில் சிவந்து எரியுதுன்னு சொல்றா. வாரம் மூணு நாள் நீச்சல் பயிற்சி வேற. பாட்டி துணிதான் நல்லதுங்கறாங்க. அவளோட தோழி வீட்டில் கப் (ரத்தத்தைப் பிடிக்க உள்ளே வைக்கிற சின்னக் கிண்ணம்) வாங்கிட்டாங்களாம். எதை வாங்கறது?

செவ்வந்தி
ஒரே பொருளைத் தேடாதீங்க. பள்ளிக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு, குளத்துக்கு ஒண்ணுன்னு பிரிச்சுப் பார்த்தா குழப்பம் பாதி தீர்ந்துடும். இந்த வயசில் பள்ளி நேரத்துக்கு பேடுதான் சுலபம்.

முதல்ல கறை எங்க படுதுன்னு பாருங்க. பின்பக்கம்னா, பெஞ்சில் மணிக்கணக்கா உட்காரும்போது ரத்தம் பின்னாடி ஓடுது, பேடு அங்கே எட்டலைன்னு அர்த்தம். ரெண்டு விரல் அகலம் பின்னே தள்ளி ஒட்டச் சொல்லுங்க. பக்கவாட்டில் கறைன்னா ஜட்டி தொளதொளன்னு இருக்கும், இல்லே இறக்கை சரியா மடிஞ்சு ஒட்டியிருக்காது. நடுவில் ஊறி வந்தா மாத்த நேரமாச்சு, அவ்வளவுதான்.

பாக்கெட்டில் எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல்னு போட்டிருக்கறதை நம்பாதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மில்லிமீட்டரைப் பாருங்க. 230–240 குறைவா போகும் நாளுக்கு, 280–290 முதல் ரெண்டு நாள் பகலுக்கு, 320க்கு மேல் ராத்திரிக்கு. சின்ன உடம்புக்கு நீளப் பேடு பகலில் கசங்கி சுருண்டுக்கும். சுருண்ட மடிப்பு வழியாவே கசியும், அதனால பெருசா வாங்கினா பத்திரம்னு நினைக்க வேண்டாம்.

4 மணி நேரத்துக்கு ஒரு முறை மாத்தணும். கிளம்பும்போது புதுசு, மதிய உணவு இடைவேளையில் ஒண்ணு, பள்ளி விட்டதும் ஒண்ணு. முதல் ரெண்டு நாளில் 11 மணி இடைவேளையிலும் மாத்தினா கறைப் பயமே இருக்காது. முதல் ரெண்டு நாள் தினம் 5, அடுத்த மூணு நாள் தினம் 3 வீதம் போட்டா மாசத்துக்கு 19 ஆகுது. தமிழக அரசின் புதுயுகம் திட்டத்தில் 10–19 வயசுப் பெண்களுக்கு ரெண்டு மாசத்துக்கு 18 பேடு இலவசம். முழுசாப் போதாதுன்னாலும் பையில் எப்பவும் கிடக்க உதவும்.

எரிச்சலுக்கு வருவோம். வாசனை சேர்த்த பேடை இன்னைக்கே நிறுத்துங்க. வலை மாதிரி மேல்பரப்பு உள்ளது ஈரத்தைச் சட்டுனு இழுக்கும், ஆனா நடக்க நடக்க உரசும். மெத்துனு பருத்தி மாதிரி இருக்கறது உரசாது, கொஞ்சம் ஈரமாத் தெரியும். தோல் புண்ணானவளுக்கு ரெண்டாவதுதான் சரி. வெறும் தண்ணீரில் கழுவி, ஒத்தி எடுத்துக் காயவிடணும். பவுடர், டெட்டால், இன்டிமேட் வாஷ் எதுவும் வேண்டாம். பெட்ரோலியம் ஜெல்லியைத் தொடையில் மட்டும் மெலிசாத் தடவலாம். ஜட்டியில் பட்டா பேடு ஒட்டாம நழுவிடும், அப்புறம் மறுபடி கறைக் கதைதான்.

ஊசிநூல்
பாட்டி சொல்றது தப்பில்லை. ஆனா மடிச்ச பழஞ்சேலைத் துணி வகுப்பில் நகர்ந்துடும். இப்போ தைச்சு விற்கிற துணிப் பேடில் உடம்பைத் தொடுற பக்கம் பருத்தி, நடுவில் நாலஞ்சு அடுக்கு உறிஞ்சும் துணி, அடியில் நீர் புகாத பியூஎல் துணி, இறக்கையில் டிக் பட்டன் இருக்கும். வாங்கினதும் மூணு நாலு தடவை துவைச்ச பிறகே உபயோகிக்கணும், புதுத்துணி சரியா உறிஞ்சாது.

துவைக்கிறதில்தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. பச்சைத் தண்ணியில் அரை மணி ஊறவச்சு, ரத்தம் போகப் பிழிஞ்சு, அப்புறம்தான் சோப்பு. வெந்நீர் ஊத்தினா ரத்தத்தில் உள்ள புரதம் இறுகிக் கறை நிலைச்சுடும். ராத்திரி முழுக்க ஊறப்போட்டா நாத்தம் வரும். கம்ஃபர்ட் மாதிரி மென்மையாக்கி ஊத்தாதீங்க, உறிஞ்சும் தன்மை போயிடும். நேர் வெயிலில் காயணும். வெட்கப்பட்டு பாவாடைக்கு அடியிலோ பாத்ரூம் கதவுக்குப் பின்னாலோ போட்டா அரைகுறை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், எரிச்சல் இன்னும் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரெண்டு நாள் ஆனாலும் காயாது. அதனால துணியை வீட்டில் இருக்கும் நேரத்துக்கும் மூணாம் நாளுக்குப் பிறகும் வச்சுக்கட்டும். ஆறு பேடு இருந்தாப் போதும்.

குளத்தங்கரை
நீச்சலுக்குப் பேடும் துணியும் வேலைக்கு ஆகாது. ரத்தத்துக்கு முன்னாடி குளத்துத் தண்ணியை உறிஞ்சிக்கிட்டு உப்பிடும். உள்ள மூணு வழியைச் சொல்றேன்.

பீரியட் நீச்சலுடை (ரத்தத்தை உறிஞ்சும் அடுக்கு வச்சுத் தைச்சது): குறைவா போகும் நாளுக்கு மட்டும்.

டாம்பான் (ரத்தத்தை உறிஞ்ச உள்ளே வைக்கிற பஞ்சுச் சுருள்): அந்த வயசுக்கு இருக்கறதிலேயே சின்ன அளவு. அதிகமா உறிஞ்சும்னு பெருசு வாங்கக் கூடாது. நீந்தி முடிச்சதும் எடுத்துடணும், எப்படியும் 8 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வச்சிருக்கும்போது திடீர் காய்ச்சல், வாந்தி, வெயிலில் கன்றியது மாதிரி தோல் சிவப்பு, தலைசுற்றல் வந்தா உடனே எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. இது டாக்ஸிக் ஷாக், அதாவது கிருமி விடுற நச்சால் வர்ற ஆபத்து. அபூர்வம்தான், ஆனா வந்தா வேகமா முற்றும்.

கப்: சிலிக்கான், சின்ன அளவு. 12 மணி நேரம் வரைக்கும் தாங்கும். முதல் முயற்சியைப் போட்டி நாள் காலையில் செய்யாம, விடுமுறையில், ரத்தம் போற நாளில், வீட்டில் செய்யணும். கை கழுவி, குந்தி உட்கார்ந்து, கப்பின் விளிம்பில் ஒரு பக்கத்தை விரலால் உள்ளே அமுக்கினா முனை சின்னதாகும். நேர் மேலே தள்ளாம முதுகெலும்பின் அடிப்பக்கம் நோக்கிச் சாய்ச்சுத் தள்ளணும். நிறையப் பேருக்கு வலிக்கக் காரணம் இந்தத் திசைதான். உள்ளே விரிஞ்சதான்னு விரலைச் சுத்திப் பார்க்கணும், மடிப்பு இருந்தா கசியும். எடுக்கும்போது காம்பைப் பிடிச்சு இழுக்கவே கூடாது. அடிப்பாகத்தைக் கிள்ளிக் காத்து புகவிட்டு, மெதுவா ஆட்டி எடுக்கணும். மேலே ஏறிட்டா பயப்பட வேண்டாம், தொலைய இடமில்லை. குந்தி உட்கார்ந்து முக்கினா இறங்கிடும்.

கப்பை மாசத்துக்கு ஒரு தடவை தனிப் பாத்திரத்தில் 5 நிமிஷம் கொதிக்க வைங்க. அடி தொட்டாக் கருகும், எவர்சில்வர் வடிகட்டிக்குள் போட்டு வைக்கலாம். காத்துப் புகாத டப்பாவில் மூடாம, துணிப்பையில் வைக்கணும்.

தாழம்பூ
ரொம்ப நன்றி. ஆனா கப், டாம்பான்னு சொன்னதும் பாட்டி "கல்யாணமாகாத பொண்ணுக்கு இதெல்லாமா"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. 13 வயசில் வைக்கலாமா?

வெள்ளைக்கோட்டு
வைக்கலாம். இதுக்குக் குறைந்தபட்ச வயசுன்னு ஒண்ணும் இல்லை. கன்னித்திரைங்கறது வழியை அடைச்ச மூடி இல்லை. ஓரத்தில் இருக்கும் நெகிழும் சவ்வு, ஆளுக்கு ஆள் வடிவம் வேற. அதை வச்சு ஒருத்தியோட கன்னித்தன்மையைச் சொல்லவே முடியாது. பாட்டிகிட்ட இதை அப்படியே சொல்லுங்க. ஆனா அவளுக்கே விருப்பம் இருக்கணும். பயந்தா இடுப்புத் தசை இறுகும், வலிக்கும், வெறுத்துடுவா. ரெண்டு மூணு மாசம் பழகத் தேவைப்படும். வேண்டாம்னா அந்த ரெண்டு நாள் நீச்சலுக்கு லீவு போடட்டும், தப்பே இல்லை. ரொம்ப சின்ன அளவு டாம்பான்கூட நுழையவே இல்லைன்னா மட்டும் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்க.

யாரும் சொல்லாத ஒண்ணு. ஆரம்ப ரெண்டு மூணு வருஷம் 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும். காலண்டரை நம்பி பையைக் காலியா வைக்க வேண்டாம். ரெண்டு பேடு, ஒரு ஜட்டி, ஜிப் கவர் எப்பவும் இருக்கட்டும்.

கறை படுறது பேடோட குற்றமாவே இருக்கணும்னும் இல்லை. ஒரு மணி, ரெண்டு மணிக்கு ஒரு பேடு முழுசா நனையுது, பத்து ரூபாய்க் காசு அளவுக்குக் கட்டி போகுது, 7 நாளைத் தாண்டுது, ராத்திரி எழுந்து மாத்துறா. இதில் எது இருந்தாலும் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்குன்னு காட்டுறது) ரத்தப் பரிசோதனையில் பாருங்க. வயசுக்கு வந்த நாளிலிருந்தே இப்படின்னா, ரத்தம் உறைவதில் குறை இருக்கான்னும் கேளுங்க. அது தெரியாம பேடு கம்பெனி மாத்திக்கிட்டே இருக்கறதில் பிரயோஜனம் இல்லை.

தாழம்பூ
ரெண்டு மணிக்கு ஒண்ணுன்னு இல்லை, பள்ளியில் மாத்தறதே இல்லையாம். டாய்லெட்டில் குப்பைத்தொட்டி கிடையாது.

செவ்வந்தி
அப்போ கசியத்தான் செய்யும். பழசை உருட்டி, புதுப் பேடின் உறையில் சுத்தி, பேப்பரில் மடிச்சு ஜிப் கவரில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வரட்டும். டாய்லெட் கோப்பையில் போட்டுத் தண்ணி ஊத்தினா உள்ளே இருக்கும் ஜெல் உப்பிக் குழாய் அடைச்சுக்கும். அப்படியே அண்ணியை ஒரு தடவை வகுப்பாசிரியரைப் பார்க்கச் சொல்லுங்க. மூடி போட்ட ஒரு வாளி வைக்க பெரிய செலவு ஒண்ணும் ஆகாது.