கார்டியலுக்குத் தமிழ் என்ன? (திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது)

குறிஞ்சிமலர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கான பழப் பதப்படுத்தல் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஜாம், ஜெல்லி, ஊறுகாய் எல்லாம் தாண்டிப் பானங்களில் வந்து மாட்டிக்கொண்டேன். ஸ்குவாஷ், கிரஷ், கார்டியல், சிரப் என்று நான்கு வகை. நான்கிலும் பழச்சாறு குறைந்தது 25 விழுக்காடு. வேறுபாடு கரைந்திருக்கும் திடப்பொருளில், அதாவது பெரும்பாலும் சர்க்கரையில். 1955ஆம் ஆண்டுப் பழப்பொருள் ஆணை வகுத்தபடி கார்டியலுக்கு 30, ஸ்குவாஷுக்கு 40, கிரஷுக்கு 55, சிரப்புக்கு 65 விழுக்காடு. கார்டியலுக்கு இன்னொரு லட்சணமும் உண்டு. அதில் சக்கை, கூழ் எதுவும் மிதக்கக் கூடாது. எலுமிச்சைச் சாற்றைப் பதப்பொருள் சேர்த்து வாரக்கணக்கில் அசையாமல் வைத்து, வண்டல் படிந்தபின் ரப்பர் குழாய் விட்டு மேலே தெளிந்ததை மட்டும் இறக்கிக்கொள்ள வேண்டும். குழாய் நுனி கொஞ்சம் கீழே போனாலும் மறுபடி கலங்கிவிடும். ஆகவே எல்லாவற்றையும் ‘பழரசம்’ என்று எழுதித் தப்பிக்க வழியில்லை.

போதாக்குறைக்கு, மூல நூலாசிரியர் அத்தியாயத் தலைப்பில் சிலேடை வைத்திருக்கிறார்: ‘எ கார்டியல் வெல்கம்’. அன்பான வரவேற்பு என்றும் கொள்ளலாம், பானம் கொடுத்து வரவேற்பது என்றும் கொள்ளலாம். அந்த விளையாட்டு தமிழிலும் வேண்டுமாம். நட்பும் இனிப்புப் பானமும் ஒரே சொல்லில் வர வேண்டும். உதவுங்கள்.

வகுப்பறை எழுதியது:

இரண்டாகப் பிரித்துவிடுங்கள் அம்மா. தலைப்புக்கு ‘நெஞ்சார்ந்த வரவேற்பு’, பானத்துக்குத் ‘தெளிசாறு’. சிலேடை ஆசிரியர் பாடு. படிக்கப்போகிறவர்களுக்கு வேண்டியது செய்முறை.

பழஞ்சுவடி எழுதியது:

அவசரப்பட வேண்டாம். சொல் ஏற்கெனவே இருக்கிறது: தேறல். கள்ளின் தெளிவுக்குச் சங்கத்தார் இட்ட பெயர். ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்று புறநானூறு 56இல் நக்கீரர் பாடுகிறார். வண்டல் நீக்கித் தெளிந்த பானம் என்ற இலக்கணம் அப்படியே பொருந்துகிறதா இல்லையா? இனி நட்புக்கு வருவோம். தேறுதல் என்றால் நம்புதல். ‘தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்’ (குறள் 509). ஆராயாமல் யாரையும் நம்பாதே, ஆராய்ந்தபின் சந்தேகப்படாதே. நட்பின் அடிமனை அதுதானே. ஆக, தேறல் ஒரே மூச்சில் நம்பிக்கையும் ஆகும், பானமும் ஆகும்.

இன்னொன்று. கார்டியலின் வேர் ‘கோர்’ என்னும் இலத்தீன் சொல், நெஞ்சம் என்று பொருள். இது நம் ‘குருதி’யோடு உறவுடையது என்பது என் நெடுநாள் கருத்து. குருதி ஓடும் இடம் நெஞ்சு. கரு, கருத்து, குரு என்று வரிசையாகப் பார்த்தால்

(மடல் நீளமாகிவிட்டதால் வேர்ச்சொல் ஆய்வைத் தனியே அனுப்புகிறேன்.)

புதுவைவாசி எழுதியது:

ஐயா, தனியேகூட வேண்டாம். இலத்தீன் கோர், கிரேக்க கார்தியா, வடமொழி ஹ்ருதயம், ஆங்கில ஹார்ட் எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள். குருதிக்கு அந்த வீட்டில் வேலையில்லை. இந்தியில் ‘ஹார்திக்’ என்பதும் கார்டியலும் பொருளில் ஒன்றே. ஹார்திக் பாண்டியாவை நெஞ்சார்ந்த பாண்டியா என்று கூப்பிட்டுப் பாருங்கள்.

பானத்துக்கு இந்தப் பெயர் வந்த கதை உங்கள் தேறலுக்குச் சாதகம்தான், சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் முதலில் இது நெஞ்சுக்குத் தெம்பூட்டும் மருந்து. மருந்து செய்பவர்கள் சாராயத்தில் மூலிகையும் மசாலாவும் ஊறவைத்துக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் இன்றும் கார்டியல் என்றால் இனிப்பு மதுவைக் குறிக்கும். பிரிட்டனில் 1867ஆம் ஆண்டுக் கப்பல் சட்டம் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாற்றைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் லாக்லன் ரோஸ் என்பவர் சாராயம் சேர்க்காமல் சர்க்கரையால் சாற்றைக் கெடாமல் வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மதுவாக இருந்த சொல் மது இல்லாத பானத்துக்கு இறங்கி வந்தது இப்படித்தான். தேறலும் இறங்கி வரலாம், தவறில்லை.

ஆனால் 1904இல் பிரிட்டனும் பிரான்சும் செய்த ‘ஆந்தாந்த் கோர்தியால்’ (நட்புறவு உடன்பாடு) இருக்கிறதே, அதை என்ன செய்வீர்கள்? தேறல் உடன்பாடு என்றால் டாஸ்மாக் டெண்டர் மாதிரி இருக்கும்.

அடுப்படி வைத்தியர் எழுதியது:

எல்லோரும் கடல் கடந்து போய்விட்டீர்கள். சித்த மருத்துவத்தின் அக மருந்துகள் முப்பத்திரண்டில் மணப்பாகு என்று ஒன்று இருக்கிறது. மாதுளை மணப்பாகு, ஆடாதோடை மணப்பாகு இரண்டும் இன்றும் கடைகளில் கிடைப்பவை. சாற்றில் சர்க்கரையோ கற்கண்டோ சேர்த்துச் சிறு தீயில் காய்ச்ச வேண்டும். பச்சை வாடை போய் நல்ல மணம் எழும் நேரத்தில் பாகு பதம் பார்த்து இறக்க வேண்டும். மணமும் பாகும் சேர்ந்த பதம் என்பதால் பெயரும் அப்படியே. மருந்தாகத் தொடங்கிப் பானமானதுதான் கார்டியல் என்கிறீர்கள். டெல்லியில் யுனானி ஹக்கீம் ஒருவர் செய்த ரூஹ் அஃப்சா என்ற இனிப்புப் பானமும் அதே வழியில் வந்ததுதான். அப்படியிருக்க மணப்பாகை விட்டுவிட்டு ஏன் மதுக்கடைக்குப் போகிறீர்கள்?

குறிஞ்சிமலர் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. ஆனால் மணப்பாகு காய்ச்சிய கெட்டிப் பாகு. நம் கணக்கில் 65 விழுக்காட்டுச் சிரப்புக்கே பொருந்தும். அந்த இடத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். கார்டியல் நால்வரில் மிகவும் நீர்த்தது.

வடமராட்சியான் எழுதியது:

இவ்வளவு பாடுபடத் தேவையில்லைத் தங்கச்சி. எங்களிட்டைக் கடைக்குக் கடை நெல்லிக் கோடியல் (உங்கட கார்டியல்தான்) அடுக்கியிருக்கும். வீட்டுக்கு ஆள் வந்தால் அதில் கொஞ்சம் ஊற்றித் தண்ணீர் கலந்து கொடுப்பம். தோலகட்டி நெல்லி ரசத்தைக் கேட்டால் யாழ்ப்பாணத்தில் தெரியாதவர் இல்லை. ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வடவெழுத்தை நீக்கி வடசொல்லை எடுத்துக்கொள்ளலாம் என்று தொல்காப்பியர் தந்த அனுமதியைக் கொஞ்சம் நீட்டினால் கோடியல் தமிழ்தான். நட்பும் அதிலேயே இருக்கு: ஔவைக்கு அதியமான் கொடுத்தது நெல்லிக்கனி அல்லோ? புறநானூறு 91.

வகுப்பறை எழுதியது:

அண்ணா, உங்கள் நெல்லி ரசத்தை இங்கே எழுதினால் சோற்றில் ஊற்றிக்கொள்வார்கள். நெல்லிக்காய் ரசம் என்று இங்கே ஒரு குழம்பு வகையே உண்டு. கோடியல் என்றாலோ ஏதோ கோடியில் இருப்பது என்று நினைப்பார்கள். அதியமான் கொடுத்தது கனி, அதைப் பிழிந்து புட்டியில் அடைத்துக் கொடுக்கவில்லை.

வடமராட்சியான் எழுதியது:

பிழிந்து கொடுத்திருந்தால் ஔவை இன்னும் ஒரு பாட்டுக் கூடுதலாகப் பாடியிருப்பா. ‘சிறியகட் பெறினே எமக்கீயு மன்னே’, கொஞ்சம் கள் கிடைத்தால் எமக்கே தந்துவிடுவான் என்று அதியமானைப் பாடின ஆள்.

குறிஞ்சிமலர் எழுதியது:

இன்று பயிற்சிக்கு வந்த பெண்களிடமே கேட்டுப் பார்த்தேன். தேறல் என்றதும் ஒரு அக்கா, “பரீட்சையில தேறுறதா?” என்றார். பக்கத்தில் இருந்தவர், “இல்லக்கா, தேறாத கேஸுன்னு சொல்லுவோமே, அது” என்றார். புட்டி விற்றுப் பிழைக்கப் போகிறவர்கள். லேபிளில் இதைப் போட்டால் யார் வாங்குவார்கள்?

பழஞ்சுவடி எழுதியது:

பாமரர் அறியாத சொல் எல்லாம் கூடாதென்றால் கணினி, மென்பொருள் எதுவும் வந்திருக்காது. தேறல் வேண்டாமென்றால் ‘அளி’ கொள்ளுங்கள். அகராதியில் பாருங்கள். அன்பு, அருள், தேன், கள் நான்கும் அளிதான். ‘கொடையளி செங்கோல் குடியோம்பல்’ என்ற குறளில் (390) அளிக்குத் தலையளி, அதாவது முகமலர்ந்து இன்சொல் கூறுதல் என்பது பரிமேலழகர் உரை. அடித்துச் சொல்கிறேன், உலகில் வேறெந்த மொழியிலும் கார்டியலுக்கு இவ்வளவு நேர் நிற்கும் சொல் இருக்காது.

புதுவைவாசி எழுதியது:

அன்பைக் குறிக்கும் அளி தமிழ். வண்டையும் கள்ளையும் குறிக்கும் அளியை வடமொழி ‘அலி’யிலிருந்து வந்ததாக அகராதிகள் தனிச்சொல்லாகப் பிரித்திருக்கின்றன. பாதிப் புட்டி வடமொழி. பரவாயில்லையா ஐயா?

பழஞ்சுவடி எழுதியது:

வண்டு பூவில் அளைவதால் அளி. வடமொழிதான் நம்மிடம் கடன் வாங்கியது. இதை நான் எங்கு வேண்டுமானாலும் நிறுவத் தயார்.

நடவுப்பாட்டு எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நாம் தினமும் அழைப்பிதழில் எழுதுகிறோமே, ‘உளங்கனிந்த வரவேற்பு’ என்று. அதற்குள்ளேயே கனி இருக்கிறது. பழமும் அன்பும் தமிழில் ஒரே வேரில் பழுத்தவை: கனி, கனிவு. ‘இனிய உளவாக இன்னாத கூறல் கனியிருப்பக் காய்கவர்ந் தற்று’ என்று வள்ளுவரே இனிய சொல்லைப் பழம் என்கிறார். தலைப்புக்குக் ‘கனிவான வரவேற்பு’ என்று வையுங்கள். யாரும் அகராதி தேட வேண்டாம்.

வகுப்பறை எழுதியது:

அடடா, இது நன்று. ஆனால் கனிவு பழத்தோடு நின்றுவிடுகிறது, குடிக்க வரவில்லை. தலைப்புக்குச் சரி. உள்ளே பானத்தின் பெயராக ஆகாது. தெளிசாறே இருக்கட்டும்.

குறிஞ்சிமலர் எழுதியது:

ஞாயிறு இரவு ஆகிவிட்டது. மொழிபெயர்ப்புக் கோப்பினை மூடப்போகிறேன். தலைப்பு ‘கனிவான வரவேற்பு’. சிரப் மணப்பாகு. கார்டியல் தெளிசாறு, முதல் முறை வரும்போது பக்கத்தில் கார்டியல் என்றும் எழுதிவிட்டேன். ஸ்குவாஷும் கிரஷும் அப்படியே நிற்கின்றன, அவற்றைத் தொட எனக்குத் தெம்பில்லை. பெரும்பாலோர் தெளிசாற்றுக்குச் சம்மதித்ததாகவே எடுத்துக்கொள்கிறேன். பேசாதவர்களையும் சேர்த்துத்தான்.

பழஞ்சுவடி எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். தெளிசாறு வினைத்தொகை. தெளிந்த சாறு, தெளிகின்ற சாறு, தெளியும் சாறு என முக்காலத்துக்கும் விரியும். வடித்துப் புட்டியில் அடைத்து முத்திரையிட்ட பொருள் இனியும் தெளிந்துகொண்டிருக்கிறதா என்ன? முடிந்த பொருளுக்கு வினைத்தொகை ஆகாது. தேறலே சொல்.

நடவுப்பாட்டு எழுதியது:

ஊறுகாயும் வினைத்தொகைதான் ஐயா. ஊறி முடிந்து தட்டுக்கு வந்தபிறகும் ஊறுகாய்தானே?

பழஞ்சுவடி எழுதியது:

ஊறுகாய் ஜாடியில் இருக்கும்வரை ஊறிக்கொண்டேதான் இருக்கும். எடுத்துக்காட்டு பொருந்தாது.