கணைய அழற்சி வந்த பூனை சாப்பிட மறுக்கிறாள்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

பூனை வளர்க்கும் நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் மீனுவுக்கு 11 வயது. போன வாரம் திடீரென்று கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள். வாந்தி ஒரே ஒரு முறைதான். நக்கி விழுங்கிய ரோமம் வயிற்றில் உருண்டையாகிச் செய்யும் தொல்லையாக இருக்கும் என்று நினைத்து ஒரு நாளை வீணாக்கிவிட்டேன். அது இன்னும் மனதை அறுக்கிறது. ரத்தப் பரிசோதனையும் அல்ட்ராசவுண்டும் பார்த்த மருத்துவர் கணைய அழற்சி, அதாவது கணையத்தில் வீக்கம், என்றார். நாய்களைப் போல எல்லாப் பூனைகளும் இதில் ஓயாமல் வாந்தி எடுப்பதில்லையாம். பல பூனைகளிடம் சோர்வும் பசியின்மையும் மட்டுமே தெரியுமாம்.

3 நாள் சலைன் ஏற்றி, நேற்று வீட்டுக்கு அனுப்பினார்கள். வலிக்கும் குமட்டலுக்கும் மருந்து உண்டு, பசியைத் தூண்ட மிர்டாசபைனும் உண்டு. ஆனாலும் தட்டருகே வருகிறாள், முகர்கிறாள், உதட்டை நக்கிக்கொண்டு திரும்பிவிடுகிறாள். ஈர உணவை வெதுவெதுப்பாக்கியும் வைத்துப் பார்த்தேன். ஊசிக்குழலால் வாயில் ஊட்டியபோது மிரண்டுவிட்டாள். உணவையே வெறுத்துவிடுவாளோ என்று பயந்து நிறுத்திவிட்டேன்.

பட்டினி போடவே கூடாது, சில நாள் சாப்பிடாவிட்டாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகலாம் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். நாளை மாலைக்குள் சாப்பிடாவிட்டால் கழுத்து வழியாக உணவூட்டும் குழாய் வைக்கச் சொல்கிறார்.

குழாய் வைத்த பூனையை வீட்டில் பார்த்துக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா? காயத்தை எப்படிச் சுத்தம் செய்தீர்கள்? குழாய் அடைத்துக்கொண்டதா? அவள் அதைப் பிடுங்காமல் இருக்க என்ன செய்வது? மருந்தின் அளவை மருத்துவரிடமே கேட்டுக்கொள்கிறேன். பக்கத்தில் இருந்து பார்த்தவர்களின் அனுபவம்தான் எனக்கு வேண்டும். இன்று இரவு முழுவதும் விழித்திருப்பேன், எப்போது எழுதினாலும் படிப்பேன்.