ஈரல் பிஸ்கட் உதிருது, பூசணம் பிடிக்குது; தெருவுல நாய் கண்டுக்கவே மாட்டேங்குது – உதவி தேவை

கேள்வி:
லேப்ரடார், பெண், ஒன்றரை வயசு, 24 கிலோ. பயிற்சிக்காக வீட்டுல செய்ற பிஸ்கட்: கால் கிலோ கோழி ஈரலை வேகவெச்சு அரைச்சு, 200 கிராம் கேழ்வரகு மாவு, மணத்துக்கு ரெண்டு பல் பூண்டு. ஓடிஜி-யில (சின்ன மின்சார அவன்) 180 டிகிரி, 15 நிமிஷம். மேல கருகுது, உள்ள ஈரம், வெட்டினா தூளாகுது. டப்பாவுல வெச்சா மூணாம் நாள் பூசணம். அதோட, கையில பிஸ்கட் தெரிஞ்சாத்தான் உட்காருறா. தெருவுல மோந்துகூடப் பார்க்கிறதில்ல.

பதில் 1:
பூண்டை இன்னையோட நிறுத்துங்க. வெங்காயமும் பூண்டும் நாயோட ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்; வேகவெச்சாலும் அது போகாது. உப்பு, சர்க்கரையும் வேண்டாம். ஈரல் மணமே தாராளம்.

ஈரலை முன்னாடியே வேகவெச்சா அதுல இருக்கிற புரதம் இறுகிடும், அப்புறம் மாவைப் பிடிக்காது. கேழ்வரகுக்கும் கோதுமை மாதிரி பசை கிடையாது. அதனால ஈரலைப் பச்சையா, தண்ணி விடாம மிக்ஸியில அரைச்சு, ஒரு முட்டை, 100 கிராம் கேழ்வரகு, 50 கிராம் கோதுமை மாவு சேர்த்துக் கலக்குங்க. இட்லி மாவை விடக் கெட்டியா வரணும். எண்ணெய் தடவின தட்டுல அரை செ.மீ. கனத்துக்குப் பரப்பி, 160 டிகிரியில 20–25 நிமிஷம். நடுவுல குத்தின கத்தி சுத்தமா வரணும். சூடு ஆறினதும் வெட்டுங்க. சூட்டோட வெட்டினா எந்த மாவும் உதிரும். துண்டு பட்டாணி அளவு, அதுக்கு மேல வேண்டாம்.

பூசணத்துக்கு ஈரம்தான் காரணம். வெட்டின துண்டுகளை மறுபடி 100 டிகிரியில 45 நிமிஷத்துலேர்ந்து ஒரு மணி நேரம் வரைக்கும் உலர்த்துங்க. நல்லா ஆறாம மூடினா டப்பாவுக்குள்ள வேர்த்துடும். மூணு நாளுக்கு வேண்டியது ஃப்ரிட்ஜில, மீதி ஃப்ரீசர்ல. பூசணம் பட்டதைச் சுரண்டிட்டுக் குடுக்காதீங்க, மொத்தமா கொட்டிடுங்க.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கோதுமை அவளுக்கு ஒத்துக்காது, அரிப்பு வருது. பதிலுக்கு என்ன? ஒரு நாளைக்கு எவ்வளவு குடுக்கலாம்?

பதில் 1:
வேகவெச்சு மசிச்ச சர்க்கரைவள்ளிக் கிழங்கு 50 கிராம். கலவை தளர்ந்தா கேழ்வரகை ஒரு கைப்பிடி கூட்டுங்க. உலர இன்னும் கால் மணி ஆகும்.

தின்பண்டம் மொத்தக் கலோரியில பத்துல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இந்த எடைக்கு ஒரு தட்டு எட்டு நாளாவது வரணும். குடுத்த அளவுக்குச் சாப்பாட்டைக் குறைங்க, லேப் சீக்கிரம் குண்டாகும். ஈரல்ல வைட்டமின் ஏ அதிகம், அதனால சாப்பாட்டுலயும் தினம் ஈரல் போடாதீங்க.

பதில் 2:
பயிற்சி பக்கம் பார்ப்போம். இப்போ அவளுக்கு 'சிட்'னா கையில பிஸ்கட் தெரியிறதுதான். மூணு நாலு தடவை பிஸ்கட்டால மூக்கை மேல இழுத்து உட்கார வைங்க. அடுத்த தடவை அதே கை அசைவு, ஆனா வெறுங்கை. பிஸ்கட் இடுப்புப் பையில இருக்கட்டும். பின்பக்கம் தரையைத் தொட்ட அந்த நொடியே 'எஸ்' சொல்லுங்க, அப்புறம்தான் கை பைக்குப் போகணும். பெரும்பாலும் வரிசை தலைகீழாகி, கை முதல்ல போயிடும். நாய் வார்த்தையைக் கவனிக்காது, கையைத்தான் பார்க்கும். பத்துக்கு எட்டு சரியா வந்தா அடுத்த இடம்: மொட்டை மாடி, கேட்டுக்கு உள்ள, கேட்டுக்கு வெளிய, ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்துல தெரு.

தெருவுல தின்பண்டத்தையே மறுக்கிறது பிடிவாதம் இல்ல. பயமோ பரபரப்போ மிஞ்சிப் போச்சுன்னு அர்த்தம். தெருநாய்கிட்டேர்ந்து தள்ளிப் போங்க, எந்தத் தூரத்துல வாங்கித் தின்றாளோ அங்கேர்ந்து ஆரம்பிங்க. வீட்டுக்குள்ள இந்த பிஸ்கட் போதும். வெளிய எலும்பில்லாத, உப்பில்லாத வேகவெச்ச கோழி, அதை வெளிய மட்டும். பயிற்சி சாப்பாட்டுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம், அவ்வளவுதான்.

குடுக்கும்போது வாய் மட்டத்துக்குக் கீழ, விரிச்ச உள்ளங்கையில குடுங்க. உயரத் தூக்கினா குதிப்பா, விரல் நுனியில பிடிச்சா கடிபடும்.